பூமியைக் கேட்க ஊர் அடங்கிய அரை மணி நேரம்

காலை ஆறரைக்குப் பூதலூரிலிருந்து ஜீப் கிளம்பியது. பின்சீட்டில் நிலத்தின் மெல்லிய அதிர்வுகளைப் பதியும் கருவி. நிலநடுக்கம் வந்தால் டெல்டாவில் எந்த இடத்து மண் எவ்வளவு ஆடும் என்று வரைபடம் போடும் வேலை எனக்கு.

"நம்ம ஊர்ல ஏதுங்க மேடம் பூகம்பம்?" என்று சிரித்தார் டிரைவர் முருகேசன்.

திருவாரூரில் பதினைந்து ரூபாய் டீ குடிக்கும்போது விளக்கினேன். எங்கோ தூரத்தில் அதிர்ந்தால்கூட, பாறை சும்மா இருக்கும். ஆற்று வண்டல் தட்டிலிட்ட கெட்டித் தயிர் மாதிரி ஆடும். தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஒன்பதரை மணி. கீழ்வேளூர் தாண்டிக் கிழக்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே புயல் காப்பகம் கட்டப் போகிறார்கள். எங்கள் அளவு கிடைத்தால்தான் அஸ்திவாரம் முடிவாகும். மறுநாள் கருவி வேறு மாவட்டத்துக்குப் போகிறது. இன்று விட்டால் கட்டடம் அடுத்த மழைக்காலத்துக்கும் வராது. போன புயலில் ஒழுகும் பள்ளிக்கூடத்தில் விடியும்வரை நின்ற சனங்கள் அவர்கள்.

சின்னக் குழி தோண்டிக் கருவியை இறக்கினோம். அவ்வளவுதான், பூமி பூஜை என்று நினைத்துவிட்டார்கள்! நான் சுவிட்சைப் போட்டதும் ஒரு தேங்காய் சிதறியது. வலங்கைமானிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்த சரவெடி படபடவென்று வெடித்தது. திரையில் வெறும் கிறுக்கல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஐயோ, நிறுத்துங்க! பூமி முணுமுணுக்கிறதைக் கேக்குற மிஷினுங்க இது!"

"எங்களுக்குக் காப்பகம் வரப்போகுது, சந்தோசத்துல வெடிச்சோம். திட்டாதீங்க மேடம்," என்றார் மகளிர் குழுத் தலைவி செல்வி, மீன் வியாபாரம் செய்பவர். "என்ன செய்யணும், சொல்லுங்க."

"அரை மணி நேரம் சத்தமே கூடாது. அலை அடிக்கலாம், எஞ்சின் கூடாது."

செல்வி தெருவுக்குள் போனார். மோட்டார் நின்றது, மிக்சி நின்றது, ஐஸ் உடைப்பது நின்றது. அப்போது பார்த்துக் கடலில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கரையில் மீன் லாரி காத்திருந்தது. செல்வி படகிலிருந்த கணவரைப் போனில் கூப்பிட்டார்: "கரைக்கு வராதீங்க. எல்லாரையும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க."

படகுகள் அங்கேயே மிதந்தன. பொறுமையிழந்த லாரிக்காரரிடம், "போறதுன்னா தள்ளிக்கிட்டுப் போ, ஸ்டார்ட் பண்ணாத," என்றார் செல்வி. லாரிக்காரர் இறங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். முருகேசன் இருமல் வந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். திரையில் கோடு சுத்தமாக ஓடியது. இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு பதிவு எனக்குக் கிடைத்ததில்லை.

"மேல்மண்ணு ரொம்ப இளக்கம். ஆழமா பைல், அதான் கான்கிரீட் தூண், இறக்கிக் கட்டணும்," என்றேன்.

"இறக்கினா நிக்குமா?"

"நிக்கும்."

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கையை வீசினார். எல்லா எஞ்சின்களும் ஒரே நேரத்தில் உறுமின.

சென்னையில் என் மாடி வீட்டுக்காரர் எனக்காக டிவி சத்தத்தைக்கூடக் குறைத்ததில்லை. நானும் டெல்டாக்காரிதான் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மதியச் சாப்பாடும் அங்கேயே முடிந்து நாலு மணிக்கு ஜீப் ஏறினோம். ஐஸில் வைத்த வஞ்சிரத்தை மடியில் திணித்துவிட்டுச் செல்வி சொன்னார்:

"அடுத்த புயலுக்கு நீங்களும் கட்டாயம் வந்துடுங்க மேடம். உள்ள இடம் போட்டு வெக்கிறோம்."