ஏழாம் பாதையில் இருபத்தொன்பது தட்டு

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. அலெக்சாண்ட்ரியாவில் ஒரு நீச்சல் கிளப்பில் நேரக் கருவிகளை ஓட்டியவன் நான், பெயர் வக்தி. ஜின், பிசாசு என்று எவனாவது வாயைத் திறந்தால், "போய் வயரைச் சரியா மாட்டுடா" என்று சிரித்தவன். அந்த வாய்க்கொழுப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

குளத்தில் எட்டுப் பாதைகள். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ஒரு தொடுபலகை. நீந்துகிறவர் கை பட்டால் ஒரு தட்டு என்று நேரம் பதியும். கருவி கீழே, கரையில். நான் மேலே, கண்ணாடி அறையில். நடுவே ஒரு நீளமான கேபிள். லேப்டாப்பில் கட்டளை அடித்தால் கருவி கேட்கும், ஒரே வரியில் பதில் சொல்லும்.

அது ரமலான். நோன்பு திறந்தபின், ஒன்பது மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் போட்டி. முப்பது நீளம், முப்பது தட்டு. என் மகள் நெஸ்மாவுக்குப் பதினான்கு வயது. அதுதான் அவளுக்கு முதல் போட்டி. கிளப் மேலாளர் லுத்ஃபி அவளுக்கு ஏழாம் பாதை கொடுத்திருந்தார்.

"நடுப்பாதை கொடுங்களேன், உஸ்தாத்" என்று கேட்டேன்.

"உன் பொண்ணு நீந்துற வேகத்துக்கு நடுப்பாதை வேறயா? ஓரமா தவழட்டும், போடா வக்தி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மாலை 5.38. சோதனைக்காக எட்டுக் கடிகாரங்களையும் ஓடவிட்டேன். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதும் கிளப்பே கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. குளத்தருகே ஈ காக்கை இல்லை. நான் மேலே கண்ணாடி அறையில் மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

5.57. திரையைப் பார்த்தேன். மற்றப் பாதைகளில் தட்டு எதுவும் இல்லை. ஏழாம் பாதையில்... இருபத்தைந்து தட்டுகள்.

பலகையில் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். 'பாதை 7 நிறுத்து' என்று அடித்தேன். பதில் வந்தது: பாதை 7 ஓட்டத்தில் உள்ளது.

தப்.

கீழேயிருந்து சத்தம். உள்ளங்கை பலகையில் படும் சத்தம். இருபத்தாறு. முந்தைய தட்டிலிருந்து 52 நொடி.

கண்ணாடி வழியே பார்த்தேன். தண்ணீர் அசையவே இல்லை.

தப். இருபத்தேழு. 61 நொடி.

தப். இருபத்தெட்டு. 73 நொடி.

ஈரமான வயர் தாறுமாறாகத் தட்டும். இது அப்படியில்லை. இது... களைத்துக்கொண்டிருந்தது.

தப். 89 நொடி.

லுத்ஃபிக்கு போன் போட்டேன்.

"உஸ்தாத், ஏழு நிக்க மாட்டேங்குது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "எத்தனை தட்டு?"

"இருபத்தொம்பது."

"மூடிடு. கையால நேரம் அடிச்சு மூடு. இருபத்தி நாலு நிமிஷம் பத்து நொடி."

"யாரோ நீந்துற மாதிரி இருக்கு..."

"நோன்பு திறக்கப் பாங்கு சொல்லப் போறான்டா! மூடிட்டு சாப்பிட வா."

மூடினேன்.

திரையில்: பாதை 7 முடிந்தது. 24.10.

கீழே யாரோ ஒரு வாய் தண்ணீர் விழுங்கும் சத்தம்.

ஒரே ஒரு முறை.

பாங்கு ஒலித்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். லுத்ஃபி ஒரு கிண்ணம் ஃபூல் பயற்று மசியல் முழுவதையும் ரொட்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சுதா? உட்காரு, ஆறிடப்போகுது."

ஒன்பது மணிக்குப் போட்டி. இருபது நிமிடத்தில் மற்ற ஏழு பேரும் கரையேறிவிட்டார்கள். நெஸ்மா மட்டும் நீந்தினாள். இருபத்தொன்பது தட்டு முடித்துத் திரும்பினாள். கடைசி நீளம்.

நான் எதையும் தொடவில்லை. அல்லாஹ் மீது ஆணை, தொடவில்லை.

திரையில் தானாக ஒரு வரி.

பாதை 7 முடிந்தது. கையால் பதிந்த நேரம். 24.10.

பெரிய பலகையிலும் அதுவே எரிந்தது. எல்லோரும் பலகையைப் பார்த்துக் கைதட்டினார்கள். தேநீருக்கு எழுந்தார்கள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அவள் இல்லை.

படியிறங்கியது நினைவில்லை. உடுப்போடு குதித்தேன். அடியில் கிடந்தாள். தூக்கினேன். கனத்தது... இரண்டு பேர் கனம்.

பிழைத்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்து என்னையே பார்த்தாள்.

"வாப்பா, கீழ ஒரு அக்கா என் காலைப் பிடிச்சுக்கிட்டே கேட்டாங்க. 'ஒரு நீளம்தானே பாக்கி, உங்க வாப்பா ஏன் மூடினாரு?'ன்னு."

அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை.

கிளப்பின் பழைய காவலாளி மஹ்ரூஸ்தான் சொன்னார். பன்னிரண்டு வருடம் முன்பு, ரமலானில், நோன்பு திறக்குமுன் ஒரு தகுதிப் போட்டி. ஷாஹிந்தா என்ற பெண் கடைசியாக நீந்திக்கொண்டிருந்தாள். பாங்குக்கு இரண்டு நிமிடம்தான் பாக்கி. மேலே கண்ணாடி அறையில் இருந்தவர் அவள் நேரத்தைக் கையால் அடித்து மூடினார். பலகையில் நேரம் எரிந்ததால் கரையேறிவிட்டாள் என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இரவு தராவீஹ் தொழுகைக்குப் பிறகுதான் அவளை எடுத்தார்களாம். ஏழாம் பாதை. 24.10.

மேலே இருந்தவர் லுத்ஃபி.

வேலையை விட்ட அன்று என் மேஜையைக் காலி செய்தேன். அடியில் நெஸ்மா நீந்திய போட்டிப் பட்டியலின் முதல் பிரதி கிடந்தது. ஏழாம் பாதைக்கு எதிரே, லுத்ஃபியின் மகள் ரவ்யாவின் பெயர். அதைப் பச்சை மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே என் மகள் பெயர் எழுதியிருந்தது.