விபத்தே இல்லாத வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் மரம் நிறுத்தும் கோஷ்டிக்கு மேஸ்திரி. பாறை சரியாமலிருக்கப் பெரிய மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவதுதான் வேலை. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். நாங்கள் வைத்த மரத்தை நம்பித்தான் மற்றவர்கள் கீழே வேலை செய்வார்கள். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. கீழே இறங்கும் குழிகளில் இந்த ஷாஃப்ட் நிற்கும், அந்த ஷாஃப்ட் போகும் என்று ஆளுக்கொரு ஜோசியம். வருஷா வருஷம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். வருஷம் முழுக்க ஒரு விபத்துகூட இல்லாத செக்‌ஷனுக்கு மேடையில் கேடயம், ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு. அந்த வருஷம் எங்கள் செக்‌ஷனில் ஒரு கீறல்கூட இல்லை. கேடயம் வாங்கின செக்‌ஷனை எவன் மூடுவான் என்று கிளப்பிவிட்டவன் நான்தான். எந்த அதிகாரியும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

பாதுகாப்பு வாரத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் வரும் டிரக்கிலிருந்து மரம் இறக்கும்போது கூட்டாளி ஒருவரின் வலது கை மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியதும் நான்தான். அவர் கத்தவில்லை. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

முறைப்படி அவரைக் கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்பி, ஆஸ்பத்திரியில் காட்டி, விபத்துப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். நான் என் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினேன்.

“இன்னும் அஞ்சு வாரந்தாம்பா. பல்லக் கடிச்சிகினு பொறுத்துக்கோ. ஒரு நாளும் லீவு போடாத. ஒன் வேலய நாங்க பாத்துக்கறோம்” என்றேன்.

“சரி மேஸ்திரி” என்றார்.

அடிபட்டவர் வேலைக்கு வராவிட்டால்தானே விபத்து என்று தெரியும்? அவர் தினமும் வந்தார். நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு, அதன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். கேஜில் அவரை நடுவில் நிற்க வைத்துச் சுற்றி நாங்கள் நின்றுகொள்வோம். கீழே ஒரு மரக்கட்டையில் உட்கார வைத்துவிட்டு அவர் பங்கையும் சேர்த்துச் செய்வோம். சாப்பாட்டு நேரத்தில் மாற்றி மாற்றி ஊட்டிவிட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அதை அன்பு என்றுதான் நினைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் ஒரு மனிதரின் கையை மறைத்தோம். ஷிஃப்ட் முடிந்ததும், அவர் முழு வேலை செய்தார் என்று கோஷ்டியின் வேலைப் புத்தகத்தில் நான் எழுதி வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கவயலிலேயே பாலகாட் பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு அவருடைய மனைவி வந்தார்.

“கை மரத்துப் போச்சின்றாரு ணா. ஆஸ்பத்திரிக்கி இட்னு போவலாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் வருவாரு.”

“இத்தினி நாள் பொறுத்தாச்சி, இன்னும் பத்து நாள்தானேம்மா. கேடயம் வந்துட்டா நம்ம எல்லார் வயித்துக்கும் நல்லது.”

“கை அவுருதுதானே ணா? இல்ல, செக்‌ஷனுதா?”

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்காமல் போய்விட்டார்.

கேடயம் எங்களுக்குத்தான் வந்தது. மேடையில் கோஷ்டியின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி அந்தக் கூட்டாளியையே வாங்கச் சொல்லி முன்னால் தள்ளினேன். அவர் இடது கையை நீட்டினார். “சோத்துக் கையில வாங்குபா!” என்று கீழேயிருந்து யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. அவர் துண்டு மூடியபடியே வலது கையையும் நீட்டினார். கேடயம் நழுவியது. நான் பாய்ந்து பிடித்தேன், போட்டோவும் எடுத்துவிட்டார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

விழா முடிந்து கட்டைப் பிரித்தபோது நான்கு விரல்கள் மடங்கவில்லை. கட்டை விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மேலே ஏதாவது லேசான வேலை கொடுங்கள் என்று அவர் கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன். அதிகாரி விபத்துப் புத்தகத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. என் புத்தகத்தைப் பார்த்தார். அதில் அவர் ஒரு நாள் விடாமல் முழு வேலை செய்திருந்தார்.

“வேலையில் அடிபட்டதா?” என்று என்னைத்தான் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கேடயம் போயிருக்கும். பொய் எழுதியதற்கு என் வேலையும் போயிருக்கலாம். எனக்கு மூன்று பெண்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்:

“வூட்லதான் சார். குளிக்கறப்போ வழுக்கி வுழுந்துட்டேன்.”

லேசான வேலை கிடைக்கவில்லை. சுரங்கத்தில் ஏணி ஏறி இறங்க இரண்டு கையும் வேண்டும். ஒன்றரை மாதம் தட்டுத் தடுமாறிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பிறகு பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். கேடயம் வாங்கின செக்‌ஷன், வாங்காத செக்‌ஷன் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பூட்டு. அதற்கப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது. அந்த ஐந்து வாரமும் நான் எழுதியது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சுரங்க ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் ஒரு காவலாளி மட்டும் இருந்தார். “ஒளகடே யாரூ இல்ல” என்று கன்னடத்தில் சொன்னார். உள்ளே யாருமில்லை. அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது. வாங்கிப் படிக்க ஆளில்லாத உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது நானும் பெங்களூரில் வாட்ச்மேன்தான். காலை ரயிலில் இருவரும் ஒன்றாகத்தான் போகிறோம். பங்காருபேட்டை தாண்டினால் நிற்கவே இடமிருக்காது. அவரால் கம்பியைப் பிடிக்க முடியாது. அதனால் முண்டியடித்து அவருக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுப்பேன். “இன்னா மேஸ்திரி, இன்னிக்கும் விபத்து இல்ல போல” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கோபம் இருக்கிறதா என்று இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை.

இடம் கிடைக்காத நாட்களில் என்னை ஒட்டி நிற்பார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த வலது கை என் தோளைப் பிடிக்கப் பார்க்கும், பிடிக்க முடியாமல் வழுக்கிவிடும். ஒரு வருஷம் விபத்தே இல்லாமல் வேலை செய்த மேஸ்திரி என்று ஊர் கைதட்டியதே, அந்தக் கைதட்டலுக்கு நான் கொடுத்த கை என்னுடையது அல்ல என்பது ஒவ்வொரு குலுக்கலிலும் என் தோளுக்குத் தெரிகிறது.