தராசுக்குப் பின்னால் நின்றவள்

"எங்க எஸ்டேட்டைப் பத்தி புக்கு போடுறீகளாம்ல? என் பேரு வருதா சார்?"

சித்திரபுரம் டீக்கடையில் கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார். பெண்கள் பறித்துவரும் தேயிலைக் கொழுந்தை நிறுத்து, எடைக்குக் கூலி எழுதுபவர் அவர். எழுபதுகளின் நடுவில் நான் ஒரு நாளிதழுக்கு மலைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் முதல் நாவலின் புரூஃப் அன்று காலைதான் கோயம்புத்தூர் அச்சகத்திலிருந்து வந்திருந்தது.

"இல்லை" என்றேன்.

"பேரு எதுக்கு? ஒரு அடையாளம் போதும். எவ சொன்னான்னு புடிச்சிருவேன்ல!"

கடையே சிரித்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அறைக்கு வந்து புரூஃபை விரித்தேன். எஸ்டேட் பெயர், ஆட்கள் பெயர் எல்லாம் மாற்றியிருந்தேன். அது போதும் என்று நினைத்தது நிருபர் புத்தி. செய்தியில் 'கூறப்படுகிறது' என்று போட்டால் சோர்ஸ் மறைந்துவிடும். நாவலில் மறையாது. மூட்டை தராசில் தொங்கும்போது கணக்கப்பிள்ளை செருப்பு முனையால் அதை அடியில் தாங்கி எடையைக் குறைப்பதை எழுதியிருந்தேன். நாவலிலேயே நல்ல இடம் அதுதான். ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தக் கால் தெரியாது, மூட்டை மறைக்கும். அவருக்குப் பின்னால் நின்று காலிச் சாக்கு மடிப்பவளுக்கு மட்டுமே தெரியும். அந்த வேலை பேச்சியுடையது; எனக்கு அதைச் சொன்னவளும் அவள்தான்.

மறுநாள் பேச்சியிடம் சொன்னேன். முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வேலை போனா எஸ்டேட்டு குடுத்த லயத்து வீடும் போயிரும்ணே. புள்ளைகளோட எங்க போவேன்?" பிறகு, "ஆனா அதை எடுத்துட்டா, நான் எதுக்குச் சொன்னேன்?" என்றாள்.

"இருக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு."

"அதை என் தலையில கட்டாதீக."

பார்ப்பவரை வரிசைக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். அங்கிருந்து கால் தெரியாது, பொய்யாகிவிட்டது. கடைசியில் அந்தக் கால் வரும் பத்தி முழுவதையும் சிவப்பு மையால் அடித்தேன்.

புத்தகம் வந்தபின் கணக்கப்பிள்ளை வழிமறித்தார்.

"தராசு வர்ற பக்கத்தை ரெண்டு தடவ படிச்சேன் சார். ஒரு மண்ணும் தெரியாம எழுதியிருக்கீக!"

"ஆமாம், சரியாகப் பார்க்கவில்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

நாவலைத் திருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மோசமான வரியை வெட்ட யாரும் கற்றுத்தர வேண்டாம். நல்ல வரி வந்தால், அதைப் பார்த்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். அங்கே ஒரே ஒருவர்தான் நிற்க முடியும் என்றால், வெட்டிவிடுங்கள்.

பேச்சி அதே லயத்தில்தான் இருந்தாள். அதன்பிறகு என்னிடம் எதுவும் சொன்னதில்லை.