முப்பது நாள் விசாவில் அம்மா

அம்மா இலங்கைக்கு, மன்னாருக்குத் திரும்பிப் போனபோது நான் தடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் அகதி முகாமில் கிடந்த மனுஷி, கடைசிக் காலத்தைச் சொந்த வீட்டில் கழிக்கக் கேட்டால் எப்படி மறுப்பது? நான் முகாமில் பிறந்தவள். தூத்துக்குடிக்காரரைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையூரணியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மன்னாரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அம்மா சொல்லிச் சொல்லி அந்த வீட்டின் ஒவ்வொரு அறையும் எனக்குத் தெரியும். கனவில் அதற்குள் நடந்து போவேன். பின்கதவைத் திறந்தால் மட்டும் எங்கள் ஊர் உப்பளம் வெள்ளையாகக் கிடக்கும்.

ஒன்றரை வருடம் கழித்து, என் மகள் பெரியவளான சடங்குக்கு அம்மா வந்தாள். இலங்கைப் பாஸ்போர்ட், முப்பது நாள் விசா. பெட்டி நிறையக் கருவாடு.

“தூத்துக்குடிக்கே கருவாடு கொண்டு வந்துட்டியளா, அத்தை?” என்று என் கணவர் சிரித்தார்.

தெருமுனைக் கடை அண்ணாச்சி கேட்டார்: “எக்கா, எப்ப வந்திய? இனி இங்கனதான இருப்பிய?”

“இல்லைத் தம்பி. முப்பது நாளைக்குத்தான் விட்டிருக்கினம்.”

“யாரு விட்டுருக்காவ?”

அம்மா காசை எண்ணிக் கொடுத்தாள். கொத்தமல்லியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சடங்கு முடிந்த ஒரு மத்தியானம் இருவரும் தரையில் படுத்திருந்தோம். வெயிலில் தெருவே அரைத்தூக்கத்தில் இருந்தது.

“அங்க உறக்கம் வருதாம்மா?”

“வருது. முழிக்கேக்கதான் முகாம் எண்டு நினைச்சு, தண்ணி லாரிக்குக் குடத்தைத் தேடுவன்.”

“வீடு எப்படி இருக்கு?”

“உனக்குச் சொன்ன வீடில்லை பிள்ளை அது. சொல்லிச் சொல்லி நான்தான் பெரிசாக்கிப் போட்டன். ரெண்டு அறைதான்.”

அப்படியானால் இத்தனை வருடம் நான் நடந்து திரிந்தது யார் வீட்டில்?

“அப்ப இங்கனயே இருந்துரும்மா.”

“கிணத்தை இறைச்சு வச்சிருக்கிறன். ரெண்டு தென்னங்கண்டு நட்டிருக்கிறன். ஆர் தண்ணி ஊத்துறது?” ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு மெதுவாக, “நீ வருவியா?”

மகளின் பள்ளிக்கூடம், கணவரின் துறைமுக வேலை எல்லாம் இங்கே. முகாமில் பிறந்த எனக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்னும் பதிவாகவில்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. “பாப்போம்மா” என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு உறங்கிப்போனாள்.

இருபத்தொன்பதாம் நாள் மதுரை விமான நிலையத்தில் “போயிட்டு வாறன்” என்றாள். முதல் தடவை போனபோது “போறன்” என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இந்த வருடமும் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நான் என் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துவிட்டேன். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அதைக் கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.