அப்பா வண்டிச் சத்தம்

யுவராணி எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன்பு வேறு சிலர் வந்து ரோபோ காட்டினார்கள். தட்டு மாதிரி ஒன்றைத் தரையில் விட்டு, இது சோபாவுக்கு அடியில் புகுந்து பெருக்கும் என்றார்கள். நசரத்பேட்டையில் எங்கள் பிள்ளைகள் வீட்டில் சோபா ஏது? மாணவிகள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். கணக்கு வாத்தியாரான எனக்குத்தான் அன்று முழுவதும் எரிச்சல்.

யுவராணி வேறு மாதிரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டில் ஈயம் பற்றவைக்கும் வேலையில் இருந்தவர். கம்பெனியை மூடியதும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ரோபோ சொல்லித்தரும் ஒப்பந்தப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் சாமான் பெட்டியை வைத்து, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு அவர் வரும் அழகைப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். அவரும் சிரிப்பார்.

"ரோபோன்னா கை கால் வெச்ச பொம்மை இல்லடி. உங்க ஊட்ல இன்னா கஷ்டம் கீதுன்னு பாருங்க. அதுக்கு ஒண்ணு செய்யலாம்" என்பார்.

'உன் வீட்டிலிருந்து தொடங்கு' என்று அந்த நிறுவனம் சுவரொட்டியே அடித்திருந்தது. யுவராணி அதை மனசார நம்பினார். ஒருத்தி குடம் நிரம்பினால் கத்தும் கருவி செய்தாள். இன்னொருத்தி காயப்போட்ட வடகத்தில் காக்கை வாய் வைத்தால் விசில் அடிக்கும் ஒன்றைச் செய்தாள். எனக்கே கை பரபரத்தது.

எட்டாம் வகுப்பு அகல்யா செய்ததுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது. அவள் அப்பா பாபு செம்பரம்பாக்கம் பக்கம் கிடங்கில் வேலை செய்கிறார். அம்மா அஞ்சலை நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அகல்யா ஒரு பழைய போனில் தெருவில் போகிற பைக் சத்தத்தையெல்லாம் பதிவு செய்தாள். இது அப்பா வண்டி, இது மற்ற வண்டி என்று பிரித்துப் பிரித்துக் காட்டிப் போனைப் பழக்கினாள். கடைசியில் எத்தனை வண்டி போனாலும் போன் சும்மா இருந்தது. பாபுவின் வண்டி தெருமுனையில் திரும்பினால் மட்டும் வீட்டுக்குள் மணி அடித்தது.

"எதுக்குடி இது?" என்று யுவராணி கேட்டார்.

"அப்பா வந்தா முன்னாடியே தெரியணும் மிஸ்."

யுவராணி உருகிப்போனார். அவருடைய அப்பா வேலை முடிந்து சைக்கிளில் வருவாராம். மணிச் சத்தம் கேட்டதும் அக்கா தங்கை மூன்று பேரும் வாசலுக்கு ஓடுவார்களாம், கையில் பக்கோடா பொட்டலம் இருக்குமே என்று. பிள்ளைகளை அவரவர் வீட்டிலிருந்து தொடங்கச் சொன்னவர், அகல்யாவைப் புரிந்துகொள்ள மட்டும் தன் வீட்டிலிருந்து தொடங்கிவிட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

கண்காட்சியில் வைக்கலாம் என்றதும் அகல்யா, "வேணாம் மிஸ், ஊட்ல மாட்டிக்கீறோம், அது போதும்" என்றாள். கூச்சம் என்று நினைத்து, வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தோம்.

கண்காட்சிக்குப் பெற்றோர் வந்தார்கள். அஞ்சலை வேலை வீட்டிலிருந்து நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாபுவைத் தெருவில் வண்டியோடு நிற்கச் சொல்லியிருந்தார் யுவராணி. குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, மகள் செய்த கருவியைப் பார்க்க ஆசையாகத்தான் வந்திருந்தார் மனிதர். முதலில் என் பைக்கை ஓட்டிக் காட்டினேன். மணி அடிக்கவில்லை. நான் உள்ளே வந்து நின்றேன். பாபு வண்டியைக் கிளப்பினார். மணி கணீரென்று அடித்தது, கூட்டம் கைதட்டியது.

அஞ்சலை எழுந்துவிட்டாள். கையிலிருந்த தன் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மேஜையருகே நின்ற மகளின் மணிக்கட்டைப் பிடித்து, பின்கதவு வரைக்கும் இழுத்துப் போய்விட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் இது தன் வீடு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கைதட்டல் நின்றது.

முன்கதவில் பாபு நின்றிருந்தார். மணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இன்னா அஞ்சலை, எங்க ஓடுற?" என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் நானும் யுவராணியும் அந்த வீட்டுக்குப் போனோம். அஞ்சலை எங்களை உள்ளே கூப்பிடவில்லை. உதடு வீங்கியிருந்தது. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம் என்றார் யுவராணி. அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒண்ணும் பண்ணிடாத மிஸ்சு. சத்தம் கேட்டா பக்கத்தூட்டுக்குப் பூடுவோம். அகல்யா அப்பா தூங்கனப்புறம் வருவோம். அந்த ஒரு மணிதான் எங்களுக்கு இருந்துச்சு. அதையும் பிச்சுப் போட்டுடுச்சு."

நிறுவனத்தில் கேட்டதற்கு, குடும்ப விஷயத்தில் தலையிட்டால் ஒப்பந்தம் ரத்து என்றார்கள். வீட்டிலிருந்து தொடங்கு என்பார்களாம், வீட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுவரொட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? யுவராணி அதற்குப் பிறகு வகுப்பில் சிரிக்கவே இல்லை.

ஒரு வாரம் போனது. சாப்பாட்டு இடைவேளையில் அகல்யா எங்கள் அறைக்கு வந்தாள்.

"மிஸ், அப்பா இப்பல்லாம் வண்டிய மெயின்ரோட்லயே வுட்டுட்டு நடந்துதான் வர்றாரு. நடக்கற சத்தத்துக்குப் பழக்க முடியுமா?"

யுவராணி சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"நானே பதிஞ்சு வெச்சிக்கீறேன் மிஸ்" என்று போனை நீட்டினாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. ஜல்லியில் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம், பிறகு கதவு. அகல்யா பதிவை அதோடு நிறுத்தியிருக்கவில்லை. அதற்கப்புறம் கேட்டதை நான் எழுதப்போவதில்லை. யுவராணி கடைசிவரை கேட்டார். அகல்யா எங்கள் முகத்தைப் பார்க்காமல், "முதல்ல வர்ற சத்தம் மட்டும் போதும் மிஸ், மீதிய வெட்டிடலாம்" என்றாள்.

யுவராணி தன் போனை எடுத்து 1098 அழுத்தினார். வேலை போய்விடுமே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அகல்யாவுக்குப் புரிந்துவிட்டது. தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுமுனையில் அழைப்பவர் பெயர் கேட்டார்கள். யுவராணி தன் பெயரைச் சொன்னார். குழந்தைக்கு நீங்கள் யார் என்று அடுத்துக் கேட்டார்கள்.

"அவ மிஸ்சு" என்றார்.