பசாம் பாடுகிறவர் டெத் மெட்டல் கேட்கக் கூடாதா?

கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர் அவர்களே, நீங்கள் செய்தது கோழைத்தனம்.

ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், போனில் விரலை வைத்து அவரைப் பாடகர் குழுவின் வட்ஸ்அப்பிலிருந்து தூக்கிவிட்டீர்கள். அந்த மனிதர் யூட் அண்ணை. பிரெஞ்சுத் தலைநகரில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

யூட் அண்ணை மன்னார்க்காரர். வீடு புறநகர் செவ்ரானில். வான் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. தவக்காலத்தில், பெரிய வெள்ளியன்று கோயிலில் பசாம் பாடுவது அவர்தான். பசாம் என்றால், இயேசு பட்ட பாடுகளை ஒப்பாரி போல இழுத்து இழுத்துப் பாடுவது. இவர் தொண்டையைத் திறந்தால், பின்வரிசையில் போன் நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். வருடக்கணக்காக இப்படித்தான்.

இந்த வருடம் அவர் பாட மாட்டாராம். ஏன்? டெத் மெட்டல் கேட்கிறாராம்!

ஆமாம், கேட்கிறார். ஸ்வீடனில், சாவைப் பற்றி உறுமிப் பாடுகிற ஒரு பழைய டெத் மெட்டல் குழு இருக்கிறது. ஆட்கள் எல்லோருக்கும் தாடி நரைத்துவிட்டது. அண்மையில் அவர்களின் புதிய ஆல்பம் வந்தது. யூட் அண்ணை அதை வாங்கி போனில் வைத்திருந்தார். போன வாரம், தான் பாடிப் பழகிய பசாமை வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப் போய், விரல் தவறி அந்த ஆல்பத்தில் இருந்து ஒரு பாட்டை அட்டைப் படத்தோடு அனுப்பிவிட்டார்.

பிறகு நடந்ததுதான் கூத்து.

முதலில் ஒரு கைகூப்பு எமோஜி வந்தது. அடுத்து இன்னொரு கைகூப்பு. 'ஆமென்.' 'கண்ணீர் வந்துவிட்டது.' செயலாளர் அவர்களே, நீங்களே எழுதினீர்கள்: 'மிக அருமை. ஆண்டவர் உங்கள் குரலை ஆசீர்வதிப்பாராக.'

ஒருவர்கூடக் கேட்கவில்லை! நாங்கள் அப்படித்தானே? மரண அறிவித்தலோ, பிறந்தநாளோ, பாட்டோ... குழுவில் எது வந்தாலும் திறக்காமலே கைகூப்பிவிட்டுப் போகிற கூட்டம். அடுத்த நாள் காலையில் யாரோ ஒருவர் தவறிப்போய்க் கேட்டிருக்கிறார். மத்தியானத்துக்குள் யூட் அண்ணை குழுவில் இல்லை. கூடவே ஒரு அறிவித்தல்: பெரிய வெள்ளி பசாம் இம்முறை ஒலிப்பதிவில் போடப்படும்.

நான் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அன்றே யூட் அண்ணை வந்தார். வானை வெளியில் குறுக்கே விட்டுவிட்டு, பார்சல் ஒன்றை மேசையில் வைத்தார்.

"என்ன அண்ணை, சாத்தானோடை சேந்திட்டீங்களாம்?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. இப்ப வானுக்கு டீசல் அடிக்கிறது அவர்தான்."

சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அப்பிடி என்ன பாட்டு?" என்று கேட்டேன். இயர்போனைத் தந்தார்.

மரம் அறுக்கிற மெஷின்கள் நாலைந்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் கிட்டார். அதற்கு மேல் ஒருவர் அடிவயிற்றிலிருந்து உறுமுகிறார். பெரிய வெள்ளிக்கு வெள்ளைச் சேலை எடுக்க வந்த அன்ரி ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தா பிள்ளை, நானும் கேக்கிறன்" என்று இயர்போனை வாங்கினார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஆருக்கப்பா வயித்துக்குத்து?"

"அன்ரி, குறூப்பிலை நீங்கள் கை கூப்பினது இதுக்குத்தான்" என்றார் யூட் அண்ணை.

"ஐயோ! இதுக்கோ? நான் கண்ணீர் வந்திட்டுதெண்டும் எழுதினனான் தம்பி!"

அன்ரி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும், "அதுக்காக உம்மைப் பாட வேண்டாமெண்டு சொல்லுறதோ? இது என்ன நியாயம்?" என்றார். அவர் ஒருவருக்காவது அந்த அளவு மனச்சாட்சி இருந்தது.

அன்று பின்னேரம் நான் முழு ஆல்பத்தையும் கேட்டேன். மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் மெட்ரோ ஏறுவதற்குள் தலை இடித்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இந்த இசை பிடிக்கவில்லை. ஆனால் நடுவில் மெதுவாகப் போகிற ஒரு பாட்டு இருக்கிறது. சவப்பெட்டி தூக்கிப் போகிறவர்களின் நடை அதில். அதைத் திரும்பவும் போட்டேன். அந்தக் கிழவர்கள் மேல் ஒரு மரியாதையும் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பாட்டைக்கூட யாருக்காகவும் இனிப்பாக்கவில்லை. கல்யாண வீட்டில் போடுவார்களா? போட மாட்டார்கள். போடாவிட்டால் போங்கள் என்று பாடுகிறார்கள்.

"ஏன் அண்ணை இதைக் கேக்கிறியள்?" என்று அடுத்த நாள் போனில் கேட்டேன்.

"வந்த புதுசிலை ஒரு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினனான். என்னோடை நிண்ட வெள்ளைப் பெடியன் இவங்கடை கசெற்றைத்தான் போடுவான். அப்ப என்ரை மண்டைக்குள்ளை ஊர்ச் சண்டையிலை கேட்ட ஷெல் சத்தம்தான். இது அதை விடப் பெரிசா இருந்துது. அதுக்குப் பிறகுதான் தங்கச்சி எனக்கு நித்திரை வரத் தொடங்கினது."

பிறகு கேட்டேன்: "சில பாட்டிலை கோயிலைத் திட்டுறாங்களாமே?"

"திட்டுறாங்கள்தான். திட்டட்டும். என்ரை விசுவாசம் என்ன கண்ணாடிக் கோப்பையே, சத்தத்துக்கு உடையிறதுக்கு? வருசம் முழுக்கப் பார்சலைக் குடுத்து 'போன் ஜூர்னே', நல்ல நாளா இருக்கட்டும் எண்டு மட்டும் சொல்லுற வாய் இது. பெரிய வெள்ளி ஒரு நாள்தான் வாய் திறக்கிறனான். அதையும் பூட்டிப்போட்டாங்கள். கெஞ்ச மட்டும் மாட்டன்."

அவர் கெஞ்ச வேண்டாம். நான் செயலாளருக்கு போன் எடுத்தேன்.

"தங்கச்சி, இது கோயில் விசயம். பத்திரிகையிலை எழுதிற விசயமில்லை" என்றார்.

"அண்ணை, அந்தப் பாட்டைக் கேட்டனீங்களோ?"

"கேக்கத் தேவையில்லை. அட்டைப் படத்திலை எலும்புக்கூடு கிடக்கு. அது காணும்."

"அப்ப 'மிக அருமை' எண்டு போட்டனீங்களே?"

"அது... எல்லாருக்கும் போடுறதுதானே" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எலும்புக்கூடா? சிலுவைப்பாதைப் படங்களில் சிலுவையின் அடியில் மண்டையோடு இருப்பதை இவர் பார்த்ததே இல்லையா? பசாமில் மட்டும் என்ன இருக்கிறது? ஆணி, ஈட்டி, இரத்தம், பிள்ளையை மடியில் கிடத்தி அலறுகிற தாய். மரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாட முடியாது. அதை நேராகப் பார்த்தவர்தான் பாட வேண்டும். யூட் அண்ணை பார்த்தவர். அந்தக் குரலை வெளியே நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் அழப்போகிறோமா? செத்தவீட்டில் அழுவதற்கு யாராவது ரெக்கோர்டிங் போடுவார்களா?

ஒருவர் வானில் என்ன பாட்டுக் கேட்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தால், நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் போன்களையும் வாங்கிப் பார்ப்போம். அரைகுறை உடுப்போடு ஆடுகிற சினிமாப் பாட்டுகள் எத்தனை இருக்கும்? அதற்கு யாரை வெட்டினீர்கள்? ஒருவரையும் இல்லை. ஏனென்றால் அது எல்லோரும் கேட்பது. எல்லோரும் செய்தால் பாவம் இல்லை, ஒருவர் தனியாகச் செய்தால் சாத்தான். இதுதான் உங்கள் வேதமா?

'குடும்ப விசயத்தைத் தெருவுக்குக் கொண்டுவராதே' என்று எனக்குச் செய்திகள் வருகின்றன. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரைத் தெருவில் விட்டது யார்? நானா?

செயலாளர் அவர்களே, வருகிற ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும்போது மைக் உங்கள் கையில்தான் இருக்கும். யூட் அண்ணை செய்த குற்றம் என்ன, பெரிய வெள்ளியன்று அவரைப் பாட விடுவீர்களா மாட்டீர்களா என்று சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.