முப்பத்தாறு டிகிரி முகம்

என் தங்கையின் கணவருக்கு ஆலையில் ‘தக்காளி’ என்று பெயர். வைத்தவன் நான்தான். ஆள் மாநிறம்தான், ஆனாலும் யாராவது திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், காதில் தொடங்கிக் கழுத்துவரை செங்கல் நிறமாகிவிடும். “டீ குடிச்சாச்சா?” என்றாலும் சிவப்பார். நானோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிற ரகம். இருவரும் ஒரே நெசவு ஆலையில் எலக்ட்ரீஷியன்கள்.

போன வருஷம் அவருக்கு சூப்பர்வைசர் வேலை தேடி வந்தது. தினமும் நாற்பது பேர் முன்னால் நின்று பேச வேண்டுமே என்று வேண்டாமென்றுவிட்டார். ஏதோ நரம்பை வெட்டினால் முகம் சிவக்காதாம், அந்த ஆபரேஷனைச் செய்துகொள்கிறேன் என்று கிளம்பினார். தங்கை பதறிப்போய் டாக்டரிடம் இழுத்துப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் தைராய்டைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். எதிலும் கோளாறு இல்லை.

“முகத்துல ரத்தக் குழாய் நிறைய, அதுவும் மேலாப்புல ஓடுது. கூச்சமோ பயமோ வந்தா நரம்பு அதைத் திறந்துவிட்டுடும். உங்க சம்மதத்தைக் கேக்காது. சிவந்துடுமோன்னு பயந்தீங்கன்னா, அந்தப் பயமே இன்னும் சிவக்க வைக்கும். ஆபரேஷன் கடைசிப் பட்சம். அப்புறம் முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டலாம். முதல்ல அந்தப் பயத்தைக் குறைக்கப் பழகுவோம்.”

“பொய் சொன்னா மாட்டிக்குவீங்க மாப்ளே,” என்றேன் நான்.

“உண்மையைச் சொன்னாலும்தான் சிவக்கும்,” என்றார் டாக்டர்.

இருபது வருஷமாக ஒயரும் சுவிட்சுமாகப் பிழைக்கிறேன். நம் உடம்புக்குள்ளேயே இப்படியொரு இணைப்பு, அதன் சுவிட்ச் மட்டும் நம் கையில் இல்லை என்பதை நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

மூன்று மாதம் டாக்டரிடம் போய் வந்தார். சிவப்பது குறையவில்லை, ஆனால் சிவக்கும்போது தலையைக் குனிவதை விட்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஆலைக்குச் சூடு காட்டும் கேமரா வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவர், ஆலை முழுவதற்கும் கரண்ட் போகும் மெயின் பேனலில் ஒரு போல்ட் கொதிப்பதைப் பார்த்துவிட்டு, ஆலையை உடனே நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

“போன வாரம் நீங்க ரெண்டு பேரும்தானே அதை முறுக்கினீங்க? ஒழுங்கா முறுக்கலையா?” என்றார் மேனேஜர் மாப்பிள்ளையைப் பார்த்து.

ஸ்பேனர் பிடித்தது நான். அவர் டார்ச் மட்டும்தான் பிடித்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. முகம் மட்டும் குபுகுபுவென்று சிவந்தது. நான் கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன்.

“அதான் மூஞ்சியே ஒத்துக்குதே! உன் தப்புக்கு நான் ஆலையை நிறுத்தணுமா? நாளைக்கு லோடு போகணும்யா!”

மாப்பிள்ளை கேமராவைத் தன் கன்னத்துக்கு நேராகத் திருப்பினார். திரையில் முகம் தகதகவென்று எரிந்தது.

“சார், இது முப்பத்தாறு டிகிரி. அந்த போல்ட் நூத்திப் பதினெட்டு. தப்பு என்னுதாவே இருக்கட்டும். என் மூஞ்சியை அப்புறம் பாருங்க, முதல்ல ஆலையை நிறுத்துங்க.”

கழுத்துவரை சிவந்திருந்தார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அதைவிடத் துணிச்சலான முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

நிறுத்தினார்கள். திறந்து பார்த்தால் போல்ட் முக்கால் சுற்று லூசு. பக்கத்துக் கேபிளின் தோல் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. அடுத்த ஷிஃப்டுக்குள் தீப்பிடித்திருக்கும். மேலே தறியில் நின்றவர்கள் எண்பது பேர்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்த போல்ட்டை முறுக்கினது நான். மாப்பிள்ளை இல்லை.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் தட்டிக்கொடுத்தார்.

“தங்கச்சி புருஷனைக் காப்பாத்தப் பாக்கறே. நல்ல மனசுய்யா உனக்கு. ஆனா தப்பு பண்ணினவன் மூஞ்சியா இது?”